தேடியதேட்டமும் ஓய்வூதியமும்: மன்னார்க் கரையோரத்தில் மணநீக்கத்தின் பின்னான உரிமை

கணவனும் மனைவியும் கூடி வாழ்ந்த காலத்தில் ஈட்டிய பொருளில் இருவர்க்கும் உரிமையுண்டு என்னும் கொள்கை வட இலங்கைத் தமிழர்க்குப் புதியதன்று. ஒல்லாந்தர் ஆட்சியில், 1706-1707 காலப்பகுதியில், கிளாஸ் ஐசாக் என்பவர் தொகுத்த தேசவழமை, சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகையாகப் பகுத்தது. இதனை ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் சட்டமாக ஏற்றனர். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் 1947 ஆம் ஆண்டுத் திருத்தமும் தேடியதேட்டத்திற்குப் புதிய வரையறை தந்தன. இறுதி விருப்பாவணத்தால் வழங்கப்படாத தேடியதேட்டத்திற் பாதி, உயிரோடிருக்கும் துணைவரைச் சேரும் என்பது அதன் சாரமாகும்.

மன்னார்த் தீவிலும் அதன் கரையோரத்திலும் தேடியதேட்டம் நெடுங்காலம் கண்ணுக்குப் புலனாகும் பொருளாகவே இருந்தது. தோணி, வலை, பனங்காணி, நகை ஆகியவற்றை எண்ணிப் பங்கிடலாம். 1914 ஆம் ஆண்டில் தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதையும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பற் சேவையும் ஏற்பட்டன. புகையிரதம், சுங்கம், தபால், பாடசாலை ஆகிய துறைகளின் வழியே மாதச் சம்பளமும் அதன் பின்னே ஓய்வூதியமும் இக்கரையோரக் குடும்பங்களுக்கு அறிமுகமாயின. இப்புதிய தேட்டத்தைக் கையிலெடுத்துப் பிரித்தல் இயலாது. அதன் பயன் முதுமையிலேயே கிட்டும். உழைத்தவர் இறந்தபின் யாரைச் சேர்வது என்பதையும் வேறொரு சட்டமே வகுத்தது.

அச்சட்டம் 1898 ஆம் ஆண்டின் விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதிக் கட்டளைச் சட்டமாகும். அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளத்திலிருந்து அறவிடப்படும் பணத்தைக் கொண்டு, அவர் இறந்தபின் மனைவி மக்களைக் காப்பதே இதன் நோக்கம். பெண் உத்தியோகத்தரின் குடும்பத்தினர்க்கு இத்தகைய ஏற்பாடு 1983 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டத்தாலேயே கிட்டியது. ஆயின், உரிமை "விதவை" என்னும் நிலையைச் சார்ந்தது. இருபதாண்டு இல்லறம் நடத்தியவளாயினும், மணநீக்கம் பெற்றவள் விதவையல்லள். மணநீக்க வழக்கிற் சொத்து ஏற்பாடு செய்ய நீதிமன்றுக்கு அதிகாரமுண்டெனினும், அரசாங்க ஓய்வூதியம் உத்தியோகத்தரின் முழு உரிமையன்று என ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பே கூறுகிறது. உரிமையல்லாத ஒன்றைத் தேடியதேட்டமெனப் பங்கிடுதல் எளிதன்று. தாபரிப்புப் பணமோ, அதனைச் செலுத்துபவரின் மரணத்தோடு நின்றுபோவது இயல்பு.

கத்தோலிக்கர் பெருந்தொகையினராய் வாழும் மன்னாரில் இதன் முரண்பாடு தெளிவாகும். திருச்சபை மணநீக்கத்தை ஏற்பதில்லையாதலின், வழக்காடாது பிரிந்து வாழும் தம்பதியர் உளர். அவ்வாறு ஆண்டுக்கணக்கிற் பிரிந்திருந்த மனைவியும் சட்டத்தின் கண்ணில் விதவையே. முறைப்படி தீர்ப்புப் பெற்றவளோ எதற்கும் உரியவளல்லள். நேர்மையாக நீதிமன்றை நாடியமையே அவளுக்கு இழப்பாகின்றது.

தனியார்துறையில் 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வேறொரு வழியைக் காட்டிற்று. அங்கத்தவர் தம் பின்னுரித்தாளரைப் பெயர் குறித்து வைக்கலாம். ஆனால் மணமுறிந்தபின்னும் மாற்றப்படாத பழைய பெயர் பிணக்கிற்கு வித்தாகலாம். அமெரிக்காவில் மணநீக்கம் பெற்றுச் சில மாதங்களில் இறந்த ஓர் ஊழியரின் பணம், பத்திரத்தில் மாற்றப்படாதிருந்த பெயரின்படி முன்னாள் மனைவிக்கே உரியதென 2001 இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே குழந்தைகள் இழந்தனர்; இங்கே முன்னாள் மனைவி இழக்கிறாள். இரண்டிலும் வாழ்ந்த வாழ்வை விட ஏட்டிலுள்ள சொல்லே வலிமை பெற்றது.

பிறநாடுகள் இதற்கு மாற்றுக் கண்டுள்ளன. மேற்கு ஜேர்மனி 1977 இலும், கனடா 1978 இலும், மணவாழ்வுக் காலத்தில் ஈட்டிய ஓய்வூதிய உரிமையை மணநீக்கத்தின்போதே பகிரும் முறையை நடைமுறைப்படுத்தின. பிரித்தானியா 1999 இல் இதற்கெனச் சட்டமியற்றியது. பகிரப்பட்ட பங்கு பெற்றவரின் சொந்த உரிமையாதலால், மற்றவரின் மரணம் அதனை அழிப்பதில்லை.

இறந்தவரின் இரண்டாம் மனைவியும் பிள்ளைகளும் வறுமையுறாமற் காத்தல் வேண்டும் என்பது மறுக்கொணாதது. எனினும், மணவாழ்வு நீடித்த ஆண்டுகளின் அளவிற்கேற்ப முன்னாள் துணைக்கொரு பங்கு வகுத்தல் அவர்க்கு அநீதியாகாது. தோணியிலும் வலையிலும் துணைவியின் உழைப்பைக் கண்ட தேசவழமையின் உள்ளக்கருத்து, ஓய்வூதியத்திலும் அவ்வுழைப்பைக் காணுமாறு விரிவுபெறுதல் வேண்டும். அதுவே பழஞ்சட்டத்தைப் போற்றுவதன் பயனுமாகும்.