டச்சுத் துறைமுக எட்சிங்

செப்புத் தகட்டில் மெழுகு பூசி, அதை ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவி அச்செடுக்கும் படம் எட்சிங். உளியால் செம்பைக் குடைய மணிக்கட்டில் வலு வேண்டும். மெழுகிலோ ஊசி பேனாபோல் ஓடும். பாய்மரமும் கயிறும் வரைய இதைவிடத் தோதான முறை அன்று இல்லை எனலாம்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் சுமார் 1640இல் ஆம்ஸ்டர்டாமை வடமேற்கிலிருந்து பார்த்துக் கீறினார். கண்டபடியே தகட்டில் வரைந்ததால் அச்சில் நகரம் இடவலம் மாறி நிற்கிறது. அவர் அதற்கு அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவருக்கு எட்டத்தில் தெரிந்த படகுகளைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தவர் ரெய்னியர் நோம்ஸ் (சு. 1623–1664). கப்பலில் வேலை பார்த்தவர். கடலோடி என்று பொருள்படும் ‘ஸேமான்’ என்ற பெயரிலேயே ஒப்பமிட்டார். 1650களின் முற்பாதியில் கப்பல் வகைகளையும் ஆம்ஸ்டர்டாம் துறைக் காட்சிகளையும் தலா 12 தாள் கொண்ட மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். பல தாள்களின் அடியில் கப்பலின் வகைப்பெயர் உண்டு. அந்த எழுத்துகள் தகட்டில் இடவலம் மாற்றி வெட்டப்பட்டவை.

இத்தகைய படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவேண்டும். ஆழமில்லாத நீரில் ஓடும் டச்சுப் படகுக்கு ஆழமாக இறங்கும் அடிக்கட்டை ஆகாது, தரை தட்டிவிடும். ஆகவே காற்று பக்கவாட்டில் தள்ளாதிருக்க, இரு விலாவிலும் மீன் துடுப்புபோல் ஒவ்வொரு பலகை தொங்கும். துறையறிந்த ஓவியன் அதை வரையாமல் விடமாட்டான். நீரைப் பெரும்பாலும் வரைவதே இல்லை. படகின் நிழலுக்கு நாலைந்து கிடைக்கோடு, மீதி வெறுந்தாள். தொலைவிலுள்ள கோபுரங்களின் கோடுகள் மெலிந்திருப்பதற்கும் ஒரு சூட்சுமம் உண்டு: அவை சற்றே அரிக்கப்பட்டதும் அரக்குப் பூச்சால் மூடிவிட்டு, முன்னாலிருக்கும் படகை மட்டும் மறுபடி அமிலத்தில் விடுவார்கள்.

பின்னாளில் ஓவியர் லூடோல்ஃப் பாக்ஹாவுசன் 1701இல், எழுபது வயதில், ஆம்ஸ்டர்டாமின் ‘ஏய்’ நீர்ப்பரப்பையும் கடலையும் எட்சிங் தொகுதியாக்கினார். அதில் அலையும் ஆரவாரமும் அதிகம்; நோம்ஸின் நிதானம் இல்லை.

நோம்ஸ் பாரிஸையும் சேன் ஆற்றங்கரையையும் கீறியிருந்தார். இரு நூற்றாண்டு கழித்து அவற்றைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்துத் தொழில் பழகினார் சார்ல் மெரியோன் என்ற பிரெஞ்சுக்காரர். நிறங்களைப் பிரித்தறிய முடியாத கண். வண்ணத்தை விட்டு எட்சிங்குக்கு வந்தவர். 1850–54இல் வெளிவந்த தம் பாரிஸ் படத்தொகுப்பை அவர் ஸேமானுக்கே காணிக்கையாக்கினார். மெரியோனும் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர்தான்.