பாட்டனாரின் தந்தை பெயர் என்ன?

புதிதாகச் சேரும் மாணவரிடம் நான் வழக்கமாகக் கேட்கும் வினா ஒன்று உண்டு: "உன் பாட்டனாரின் தந்தை பெயர் என்ன?" தந்தை பெயரைத் தயங்காது சொல்வர், பாட்டனார் பெயரைச் சிந்தித்துச் சொல்வர், அதற்கப்பால் மௌனமே விடை. வலப்பனைப் பகுதியில் இராகலை, உடப்புசல்லாவைத் தோட்டப் பிள்ளைகள் பலரின் நிலை இதுவே.

இந்த மௌனத்துக்கு நம் முன்னோர் கொடுத்த விலை பெரிது. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும், தந்தையேனும், அன்றேல் பாட்டன் பூட்டன் இருவருமேனும் இலங்கையிற் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்த பூட்டனுக்குப் பதிவுச் சீட்டு ஏது? பல இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1964-இல் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அண்ணன் கப்பலேறத் தம்பி இங்கே தங்கிய குடும்பங்கள் பல. எஞ்சியோரின் துயர் தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

ஆகவே, குடும்ப வரலாற்றை எங்ஙனம் தொடங்குவது? முதலில் வீட்டிலுள்ள அப்பாயியிடமோ அம்மாயியிடமோ அமருங்கள். பிறந்த ஆண்டு அவர்களுக்குத் தெரியாதிருக்கலாம், "1957 வெள்ளத்தின்போது உங்களுக்கு என்ன வயது?" என்று கேட்டால் கணக்கு வந்துவிடும். பின்பு மூன்று செய்திகளைக் கேளுங்கள். ஒன்று, குலதெய்வம், அதன் கோயில் இருக்கும் ஊரே பெரும்பாலும் பூர்வீக ஊருக்கு வழி காட்டும். இரண்டு, அழைத்து வந்த கங்காணியின் பெயரும் ஊரும். கங்காணிமார் தம் ஊராரையும் உறவினரையுமே மிகுதியாகத் திரட்டினர். மூன்று, தோட்டத்தின் தமிழ்ப் பெயர்; ஏட்டிலுள்ள ஆங்கிலப் பெயர் வேறாயிருக்கும்.

அடுத்து, தகரப் பெட்டியைத் திறவுங்கள். பிறப்பு, விவாகப் பத்திரங்கள், பிரஜாவுரிமைச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு ஆகிய எதனையும் எறியாதீர்கள். காணாமற்போன பதிவுகளின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். காதில் விழுந்தவாறே எழுதிய எழுத்தர்களால் ஒரே பெயர் பலவாறாகத் திரிந்திருக்கும். எழுத்து வேறுபட்டதால் ஆளும் வேறென்று முடிவு செய்யற்க. தமிழகம் சென்ற உறவினர் இருப்பின் அவர்களுக்கும் எழுதிக் கேளுங்கள். பாதி வரலாறு அவர்களிடம் இருக்கும்.

பத்திரம் அலுவலகத்தில் காத்திருக்கும், பாட்டி காத்திருக்கமாட்டார். இன்று மாலையே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவரருகே அமருங்கள்.