ரேக்கட்பால்

நான்கு சுவர்களும் கூரையும் கொண்ட அறைக்குள் குட்டைப்பிடி மட்டையால் ரப்பர் பந்தை அடித்து ஆடும் ஆட்டம். 1950இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஜோ சோபெக் இதை உருவாக்கினார். ஆடுகளம் 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரம்.

சர்வீஸ் போடுபவர் பந்தை ஒருமுறை தரையில் தட்டி அடிக்க வேண்டும். அது முதலில் முன்சுவரில் பட்டு, களத்தின் நட்டநடுவே உள்ள ‘ஷார்ட் லைன்’ கோட்டைத் தாண்டி விழ வேண்டும். வேறு சுவரில் முதலில் பட்டால் சர்வீஸ் உடனே பறிபோகும். கோட்டுக்கு முன்னே விழுந்தால் ‘ஃபால்ட்’, இன்னொரு வாய்ப்பு உண்டு.

அதன்பின் பந்து இரண்டாம் முறை தரையைத் தொடுமுன் இருவரும் மாறி மாறி முன்சுவருக்குத் திருப்ப வேண்டும். கூரையும் பின்சுவரும்கூடக் களத்தில் சேர்த்திதான். ஸ்குவாஷில் முன்சுவரின் அடியில் இருக்கும் தகரப் பட்டை இங்கே இல்லை. அதனால் சுவரும் தரையும் சேரும் மூலையில் அடித்த பந்து துள்ளாமல் உருண்டே வந்துவிடும். இந்த ‘ரோல்-அவுட்’டுக்கு மறு அடியே கிடையாது. எதிராளி வழியை மறித்தால் ‘ஹிண்டர்’: தற்செயல் என்றால் மறு ஆட்டம், தவிர்த்திருக்கக் கூடியது என்றால் தண்டனை.

மரபான முறையில் சர்வீஸ் போடுபவருக்கே புள்ளி. ஒரு கேம் 15 புள்ளி. ஆளுக்கொன்றாக வென்றால் 11 புள்ளி ‘டை-பிரேக்கர்’. போட்டிகளில் கண்கவசமும் மட்டையை மணிக்கட்டோடு பிணைக்கும் கயிறும் கட்டாயம்.