படித்தலும் உணர்தலும்

ஒரு மாணவன் பாடநூலைக் கையில் எடுக்கிறான். நிறுத்தக் குறிகளைத் தவறவிடாமல், கணீரென்ற குரலில் ஒரு பத்தியைப் படித்து முடிக்கிறான். "நன்று, உட்கார்" என்கிறார் ஆசிரியர். அவன் படித்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால், படித்ததை உணர்ந்தானா? அவன் குரல் நம் காதுக்கு எட்டுகிறது. அவன் உள்ளத்தில் நிகழ்ந்தது எட்டுவதில்லை. எட்டாத அதனை அளந்தறியக் கல்வியாளர் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

இவ்வரலாற்றில் எனக்கு நாட்டம் பிறந்ததற்கு நான் செய்த பிழையொன்றே காரணம். அதனை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியனாக இருந்த காலம் அது. ஏழாம் வகுப்புத் தேர்வுக்கென்று, மாணவர் முன்பு கண்டிராத உரைப்பகுதி ஒன்றை நானே எழுதி, வினாக்களும் அமைத்திருந்தேன். மழை பெய்தது, நிலம் பதமாயிற்று, உழவன் ஒருவன் விதைநெல் வாங்கச் சந்தைக்குப் போனான், வெறுங்கையோடு திரும்பினான், பத்து நாள் கழித்தே விதைத்தான். இதுதான் அப்பகுதியின் செய்தி. "உழவன் உடனே விதைக்காதது ஏன்?" என்பது வினா. "சந்தையில் விதைநெல் கிடைக்கவில்லை" என்பது நான் குறித்து வைத்திருந்த விடை.

ஒரு மாணவன் மட்டும், "கையில் பணம் இல்லை" என்று எழுதியிருந்தான். பணம் என்ற சொல்லே பத்தியில் இல்லையே என்று எண்ணி, அவ்விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அது மட்டுமன்று, வகுப்பில் அதனைப் படித்தும் காட்டினேன். மற்றவர் சிரித்தனர். அவன் தலை குனிந்தான். அவ்வாறு எழுதியது ஏன் என்று நான் அவனைக் கேட்கவில்லை.

அச்சிறுவனை நினைவில் வைத்துக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்துக்குச் செல்வோம்.

அங்கே 1862-ஆம் ஆண்டில், ராபர்ட் லோ என்னும் அரசியலாளரின் முயற்சியால், தொடக்கப் பள்ளிகளுக்குரிய மானிய விதிகள் திருத்தப்பட்டன. அரசு கொடுக்கும் பணத்துக்குத் தக்க பயன் விளைகிறதா என்று அறிய வேண்டும் என்பது லோவின் கருத்து. ஆகவே, ஆய்வாளர் ஒருவர் பள்ளிக்கு வந்து, ஒவ்வொரு குழந்தையையும் படிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் சோதிப்பார். ஒரு குழந்தை ஒரு பாடத்தில் தவறினால், அதன்பொருட்டுப் பள்ளிக்கு வரவேண்டிய மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைந்துவிடும். பள்ளியின் வரவு குழந்தையின் நாவைப் பொறுத்ததாயிற்று.

படிப்புச் சோதனை என்பது யாது? புத்தகத்திலிருந்து சில வரிகளை உரக்கப் படித்துக் காட்டுவதே. விளைவு என்னவாயிருக்கும் என்று கூறவும் வேண்டுமோ? தேர்வுக்குரிய புத்தகத்தைக் குழந்தைகள் மனப்பாடமாகும் வரை திரும்பத் திரும்பப் படிக்கலாயினர். எழுத்தைக் கண்டு படிக்கிறார்களா, நெட்டுருவை ஒப்பிக்கிறார்களா என்பதைச் சோதிப்பவரே அறிய முடியாத நிலை உண்டாயிற்று.

அந்நாளில் பள்ளி ஆய்வாளராக இருந்தவர்களுள் ஒருவர் மாத்யூ ஆர்னால்டு. ஆங்கிலக் கவிஞராகவும் திறனாய்வாளராகவும் நீங்கள் அறிந்த அதே ஆர்னால்டுதாம். 1851 முதல் 1886 வரை அப்பணியில் இருந்தவர். திறமையாகப் பழக்கிவிட்டால், உண்மையில் படிக்கத் தெரியாத குழந்தையையும் படிப்புத் தேர்வில் வெற்றி பெறச் செய்துவிடலாம் என்று அவர் 1867-ஆம் ஆண்டு அறிக்கையில் அரசுக்கே எடுத்துரைத்தார். எனினும் அம்முறை உடனே ஒழிந்துவிடவில்லை, 1890-களில்தான் மறைந்தது. தேர்ச்சியை எண்ணி மானியம் தரும் அவ்வழக்கம் நம் சென்னை மாகாணத்துக்கும் வந்து, ஆசிரியர் பலரின் வருவாயை ஆய்வாளரின் ஒருநாள் வருகையோடு பிணைத்து வைத்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

லோவின் நோக்கம் தீயதன்று. எளிதில் அளக்கக் கூடியதையே அளந்தார். அளந்ததையே கல்வி என்று கொண்டுவிட்டார். அதுவே குறை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்சி அமெரிக்காவுக்கு மாறுகிறது. அங்கே பள்ளிகளில் மாணவர் தொகை பெருகியது. ஒவ்வொருவரையும் தனித்தனியே படிக்கச் சொல்லிக் கேட்க நேரம் போதவில்லை. அன்றியும், வளர்ந்தவர் பெரும்பாலும் வாய்விட்டுப் படிப்பதில்லை, கண்ணால்தான் படிக்கின்றனர். ஆகவே, மௌனமாகப் படிக்கச் செய்து, பொருள் உணர்ந்தனரா என்று சோதிக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுத்தது.

இதனோடு மற்றொரு கவலையும் சேர்ந்தது. ஒரே விடைத்தாளை வெவ்வேறு ஆசிரியர் திருத்தினால் மதிப்பெண் பெரிதும் வேறுபடுகிறது என்பதை ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் 1912-இல் காட்டினர். பிரெடரிக் கெல்லி என்னும் கல்வியாளரும் ஆசிரியர் இடும் மதிப்பெண்களின் வேறுபாட்டையே ஆராய்ந்து 1914-இல் நூல் வெளியிட்டார். அதன்பின் அவர் கான்சாஸ் மாநிலத்தில் மௌன வாசிப்புத் தேர்வு ஒன்றை உருவாக்கினார். அதன் வினாக்கள் சிறியவை. மூன்று நிறத் தாள்கள் கையில் இருக்கின்றன. இரண்டை நாற்காலிமேல் வைத்தாயிற்று. எஞ்சிய நிறம் எது? இத்தகைய வினாக்களை ஐந்தே நிமிடத்தில் படித்து, விடையைக் குறிக்க வேண்டும். ஒரு வினாவுக்கு ஒரே விடை. திருத்துபவரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை. இன்று நீங்கள் எழுதும் கொள்குறி வினாத்தாள்களுக்கு அது முன்னோடிகளுள் ஒன்று.

இதனால் விளைந்த நன்மையைக் குறைத்துக் கூற முடியாது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல் கிடைத்தது. ஆனால், விடை பிழை என்று அத்தேர்வு கூறும். பிழை எவ்வாறு பிறந்தது என்று கூறாது.

அந்த இரண்டாவது வினாவை எழுப்பியவர் எட்வர்டு தார்ண்டைக். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய உளவியலறிஞர். 1917-ஆம் ஆண்டில் அவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். ஆறாம் வகுப்பு மாணவர் எழுதிய பிழையான விடைகளை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஆராய்ந்தார்.

அவர் கொடுத்த பத்திகளுள் ஒன்று பிராங்க்ளின் என்னும் ஊரின் பள்ளி விதியைப் பற்றியது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பள்ளிக்கு வந்தே தீர வேண்டும். கடும் நோயுற்றாலோ, வீட்டில் எவருக்கேனும் தொற்றுநோய் கண்டாலோ, வழி செல்ல இயலாததாக இருந்தாலோ மட்டும் விலக்கு உண்டு. இப்பத்தி எதைப் பற்றியது என்பது வினா. சிலர் "பிராங்க்ளின்" என்று எழுதினர். வேறு சிலர், பிராங்க்ளின் என்றதும் புகழ்பெற்ற பெஞ்சமின் பிராங்க்ளினை நினைந்து, புதுமை கண்டறிந்த பெரியவர் என்ற கருத்தில் எழுதினர். மற்றும் சிலரோ, பத்தியைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்று விடையளித்தனர்!

இவற்றைக் கண்டு நகைப்பது எளிது. தார்ண்டைக் நகைக்கவில்லை. அப்பிள்ளைகள் வினாவைப் படித்தனர், பத்தி என்ற சொல் அவர்கள் மனத்தைப் பற்றி இழுத்தது, பத்தி எழுதும் முறை பற்றி வகுப்பில் கற்றது நினைவுக்கு வந்தது, அதையே எழுதினர். ஒரு சொல்லுக்கு உரியதை விட மிகுந்த வலிமை தரப்பட்டதால், மற்றச் சொற்கள் வலிமை இழந்தன. படித்துணர்தல் என்பது கணக்குக்கு விடை காண்பது போன்றது என்றார் அவர். வேண்டியதைத் தேர்ந்து, வேண்டாததை விலக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய எடையை அளித்து, யாவற்றையும் ஒன்றுசேர்த்து எண்ணுவதே படிப்பு. ஆதலின் பிழையான விடையும் சிந்தனையின் விளைவே. சிந்தனை எங்கே வழி தவறியது என்பதைக் காட்டும் அடிச்சுவடு அது.

இம்முயற்சிகள் அத்துடன் நிற்கவில்லை. 1953-இல் வில்சன் டெய்லர் என்பவர், பத்தியில் ஐந்து சொல்லுக்கு ஒன்று என நீக்கிவிட்டு, விடுபட்ட சொற்களைப் படிப்பவரே நிரப்பும் முறையைக் கொணர்ந்தார். 1970-ஐ ஒட்டி இந்தியா உட்படப் பதினைந்து நாடுகளில் மாணவரின் படித்துணரும் திறன் சோதிக்கப்பட்டது. அதன் அறிக்கையை 1973-இல் எழுதியவர் ராபர்ட் தார்ண்டைக். எட்வர்டு தார்ண்டைக்கின் மகன். பிள்ளை வளரும் வீட்டின் நிலை அவன் படித்துணரும் திறனோடு நெருங்கிய தொடர்புடையது என்பது அவ்வாராய்ச்சியில் தெளிவாயிற்று.

வீட்டின் நிலை என்றதும் எனக்கு அந்தச் சிறுவனின் நினைவு வருகிறது. தந்தை தார்ண்டைக்கின் ஆராய்ச்சியைப் பற்றி நான் படித்தது, அத்தேர்வு நடந்து பல ஆண்டுகள் சென்றபின்னரே. அன்றிரவு என் பத்தியை மனத்துள் மீண்டும் படித்துப் பார்த்தேன். உழவன் வெறுங்கையோடு திரும்பினான் என்றுதான் எழுதியிருந்தேன். சந்தையில் விதைநெல் இல்லை என்று நான் எங்கே எழுதினேன்? பணம் என்ற சொல் பத்தியில் இல்லை என்பது உண்மையே. தட்டுப்பாடு என்ற சொல்லும் அதில் இல்லை! இரண்டும் ஊகங்கள். என் ஊகத்துக்கு மதிப்பெண் கொடுத்தேன். அவன் ஊகத்துக்குச் சிரிப்பைக் கொடுத்தேன். விதைநெல்லுக்குப் பணமின்றித் தவிப்பது எத்தகையது என்பதை அவன் தன் வீட்டில் கண்டிருக்கலாம். "ஏனப்பா இப்படி எழுதினாய்?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால் அறிந்திருப்பேன். அந்த வகுப்பறையில் படித்துணரத் தவறியவன் நானே.

தேர்வுகள் வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆர்னால்டு கண்ட நெட்டுருவை விட, கெல்லியின் அளவுகோல் நேர்மையானது. ஆயினும் எந்த அளவுகோலும் பாதி வேலையைத்தான் செய்யும். எஞ்சிய பாதி, "எந்த வரியைக் கொண்டு இதனைச் சொல்கிறாய்?" என்னும் வினாவில் இருக்கிறது. மாணவர்களே, ஒரு பத்தியைப் படித்து விடை எழுதும்போது அவ்வினாவை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். அன்று ஒரு பிள்ளையின் விடையைச் சிவப்பு மையால் அடிக்கும் முன், அதே வினாவை அவனிடமும் அன்போடு கேளுங்கள்; அவன் சொல்லும் விடைக்குச் செவி கொடுங்கள்.