மான் வேட்டையும் சுழல் துப்பாக்கியும்

நம் ஊர் ரயில்வே இன்ஸ்டிடியூட் மண்டபத்தில், மேடைக்கு எதிர்ச் சுவரில் ஒரு புள்ளிமானின் கொம்புகள் மாட்டப்பட்டிருப்பதை அன்பர்கள் அறிவர். சென்ற ஆண்டு விழாவுக்கு ஒத்திகை நடந்தபொழுது, நம் சங்கச் சிறுவன் ஒருவன் அக்கொம்புகளைச் சுட்டிக்காட்டி, "இந்த மானை ரிவால்வரால் சுட்டிருப்பார்களா, மாமா?" என்று வினவினான். கைத்துப்பாக்கி ஒன்றாலேயே எதையும் வீழ்த்தும் கதாநாயகர்களைத் திரையில் கண்டு வளரும் பிள்ளை அவன். "இராது, தம்பி" என்று ஒரே சொல்லில் விடை கூறி அனுப்பிவிட்டோம். வீடு திரும்பியபின் அவ்விடை போதாது என்று தோன்றியது. சுழல் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் வழக்கம் அமெரிக்க நாட்டில் இன்றும் பரவலாக உண்டு. எந்தத் துப்பாக்கி அதற்குத் தகும் என்பதை அந்நாட்டார் பல தலைமுறையாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு கூறப் புகுந்தோம். சரக்கு அலுவலகத்தில் எடையையும் தொலைவையும் கணக்கிட்டே காலம் கழித்த நமக்கு, இதுவும் பெரும்பாலும் எடையும் தொலைவும் பற்றிய கணக்காகவே தோன்றுகிறது.

சாமுவேல் கோல்ட் என்பார் தம் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் உரிமைப் பட்டயம் பெற்றது 1836ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள். பேட்டர்சன் நகரில் அவர் நிறுவிய தொழிற்சாலை 1842இல் மூடப்பட்டது. பின்னர் கேப்டன் சாமுவேல் வாக்கர் என்ற படைவீரரின் யோசனையைக் கொண்டு 1847இல் அவர் செய்த துப்பாக்கி நாலரை ராத்தல் எடையுடையது. இடுப்பில் செருகுவதற்கன்று, குதிரைச் சேணத்தில் தொங்கவிடுவதற்கே ஏற்றது. ஒவ்வோர் அறையிலும் வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் தனித்தனியே இட்டு நிரப்புதல் வேண்டும். அது போர்க்களத்துக்கென எழுந்த கருவி. மான் இறைச்சி வேண்டியவன் நீண்ட துப்பாக்கியையே நாடினான்.

1873இல் பித்தளைத் தோட்டா இடும் புதிய கோல்ட் துப்பாக்கி வந்தது. அதே ஆண்டில் வின்செஸ்டர் நிறுவனத்தார் தம் ரைபிளை வெளியிட்டனர். அந்த ரைபிளின் தோட்டாவே சுழல் துப்பாக்கிக்கும் பொருந்துமாறு கோல்ட் நிறுவனத்தார் 1878இல் செய்தளித்தனர். குதிரை மீது நெடுந்தொலைவு செல்வோர்க்கு ஒருவகைத் தோட்டாவே இரண்டு கருவிகளுக்கும் உதவிற்று. எனினும் அந்நாளில் பயன்பட்ட கரிய வெடிமருந்தின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. குட்டைக் குழலிலிருந்து புறப்படும் குண்டு ரைபிள் குண்டுக்கு ஈடாகவில்லை.

இதற்கிடையில் மானினமே அருகலாயிற்று. இறைச்சிக்கும் தோலுக்குமாக வணிகர்கள் வேட்டையாடிக் குவித்தனர். குவித்தவற்றை நகரங்களுக்குச் சுமந்து சென்றது ரயில் வண்டி. நம் தொழிலுக்கும் அப்பழியில் பங்குண்டு என்பதை மறைத்தல் முறையன்று. 1900ஆம் ஆண்டளவில் வெள்ளைவால் மான்கள் அந்நாடு முழுவதிலும் ஐந்து லட்சத்துக்கு மிகாமலே எஞ்சியிருந்தன என மதிப்பிடுவர். அவ்வாண்டில் இயற்றப்பட்ட லேசி சட்டம், ஒரு மாநிலத்தில் முறைகேடாகக் கொன்ற விலங்கை மற்றொரு மாநிலத்துக்கு அனுப்புவதைக் குற்றமாக்கிற்று. கொன்ற விலங்குகளை மாநில எல்லை கடந்து அனுப்பும் சிப்பத்தின் மேல், அனுப்புவோர் பெயரும் முகவரியும் உள்ளிருக்கும் பொருளின் தன்மையும் தெளிவாக எழுதப்பட வேண்டும் என்றும் அது விதித்தது. காட்டில் காக்க இயலாத மானைச் சரக்குக் கொட்டகையில் காக்க முயன்ற சட்டம் எனலாம். அதன்பின் வேட்டைக்குப் பருவமும் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டன. அடிபட்டுத் தப்பியோடி எங்கோ புதரில் மடியும் மான், வேட்டைக்காரனுக்கும் பயன்படாது, காட்டுக்கும் இழப்பு. ஆகவே, ஒரே குண்டில் விரைந்து உயிர் போக்கும் கருவி எது என்ற கேள்வி முன்னிலும் பெரிதாயிற்று.

அக்கேள்விக்குச் சுழல் துப்பாக்கித் துறையில் முதல் விடை 1935இல் கிடைத்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தார் .357 மேக்னம் என்ற தோட்டாவையும் அதற்குரிய துப்பாக்கியையும் வெளியிட்டனர். அந்நிறுவனத்தைச் சேர்ந்த டக்ளஸ் வெஸ்ஸன் தாமே அதை எடுத்துச் சென்று பெரிய மான் வகைகளை வேட்டையாடிக் காட்டினார். இரண்டாம் விடையைத் தந்தவர் ஐடஹோ மாநிலத்து மாடு மேய்ப்பரும் எழுத்தாளருமான எல்மர் கீத். 1907இல் வெளிவந்த .44 ஸ்பெஷல் தோட்டாவில் மிகுதியான மருந்தும் கனத்த குண்டும் இட்டுப் பல ஆண்டுகள் சோதித்தவர் அவர். அத்தகைய தோட்டாவை ஆலைகளே செய்து விற்க வேண்டும் என இடைவிடாது எழுதினார். ரெமிங்டன் நிறுவனமும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனமும் இணங்கி, 1955இன் இறுதியிலும் 1956இன் தொடக்கத்திலுமாக .44 மேக்னத்தைக் கொணர்ந்தன. ரூகர் நிறுவனமும் 1956இலேயே அதற்கொரு துப்பாக்கியை வெளியிட்டது.

எண்களைச் சற்று நோக்குவோம். ஒரு ராத்தல் எடையை ஓரடி உயரம் தூக்கும் ஆற்றலை ஓர் அடி-ராத்தல் என்பர். காவலர் கையில் நெடுங்காலம் இருந்த .38 ஸ்பெஷல் குண்டின் ஆற்றல் 200 முதல் 250 அடி-ராத்தல்; .357 மேக்னத்துக்கு ஏறத்தாழ 535. .44 மேக்னத்தில் 240 கிரெயின், அஃதாவது 15.5 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 1,350 அடி வேகத்தில் புறப்பட்டு 970 அடி-ராத்தல் ஆற்றல் பெறுகின்றது. அமெரிக்கக் காடுகளில் மான் வேட்டைக்குப் பெயர்பெற்ற .30-30 ரைபிளுக்கோ ஏறத்தாழ 1,800. மிகுந்த ஆற்றலுடையதெனப் போற்றப்பட்ட சுழல் துப்பாக்கியும் ஓர் எளிய ரைபிளில் பாதியளவே என்பது இதனால் விளங்கும். பெயரில் உள்ள எண்ணைக் கண்டு மயங்குதலும் கூடாது. .38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் உண்மையில் ஒரே விட்டமுள்ள குண்டுகளை உடையவை. தோட்டாவின் நீளமும் மருந்தின் அழுத்தமுமே வேறு.

அங்ஙனமாயின் ஆற்றல் மிக்கதையே வாங்கிவிடலாமே எனத் தோன்றும். அங்கேதான் தடை. ஆற்றல் ஏற ஏற உதைப்பும் ஏறும். உதைப்பை அஞ்சும் கை, விசையை இழுக்கும் கணத்தில் நடுங்கும். குண்டு மானின் நெஞ்சுக்குப் பதிலாக வயிற்றிலோ தொடையிலோ பாயும். ஆகவே அனுபவமுடையோர் கூறும் முறை வேறு. மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ எட்டங்குலத் தட்டின் அளவினது. அத்தகைய தட்டை வைத்து, காட்டில் நிற்கும் நிலையிலேயே நின்று சுடவேண்டும். ஐந்து குண்டும் தவறாமல் தட்டில் படும் தொலைவு எதுவோ, அதுவே அவரவர் எல்லை. பலருக்கு அது ஐம்பது கெஜத்துக்கு உட்பட்டே அமையும். ஆறு முதல் எட்டு அங்குலக் குழல் குறிபார்க்க உதவும்; மூன்று ராத்தல் எடை உதைப்பைத் தணிக்கும்; .44 மேக்னம் துப்பாக்கியில் மென்மையான .44 ஸ்பெஷல் தோட்டாவை இட்டுப் பழகவும் இயலும். ஒஹையோ போன்ற மாநிலங்களில் மான் வேட்டைக்குரிய கைத்துப்பாக்கியின் தோட்டா அளவையும் குழல் நீளத்தையும் சட்டமே வரையறுத்துள்ளது.

எல்மர் கீத் ஒருமுறை 600 கெஜத் தொலைவில் மானைச் சுழல் துப்பாக்கியால் வீழ்த்தினார் என்ற கதை துப்பாக்கிப் பிரியர்களிடையே இன்றும் வாதத்துக்கு உரியது. வீரம் பேசுவோர் அத்தொலைவை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவர். அவர் எழுதியபடி, அம்மான் தோழரின் ரைபிள் குண்டால் முன்னரே காயமுற்று ஓடியது. அதை அந்நிலையில் விட்டுவிட மனமில்லாமலே அவர் பல முறை சுட நேர்ந்தது. வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை முதல் உடும்பு வரை ஊடுருவியதாகப் புறநானூற்றுப் புலவர் போற்றுவார். புலவர் வாக்கை நம்பி எவரும் காட்டுக்குப் புறப்படுதல் ஆகாது. கீத் கதையையும் அவ்வாறே கொள்க. அது பின்பற்றத்தக்க அளவன்று. முதற்குண்டு பிழைத்ததால் வந்த வினை.

மற்றொரு செய்தியும் குறிக்கத்தக்கது. 1937இல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, ரைபிள்களுக்கும் தோட்டாக்களுக்கும் விதித்த 11 விழுக்காட்டு வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கே ஒதுக்கப்பட்டது. 1970இல் கைத்துப்பாக்கிகளின் மீதான 10 விழுக்காட்டு வரியும் அதனுடன் சேர்ந்தது. வரையறையும் பாதுகாப்பும் கூடியதன் பயனாக, ஐந்து லட்சமாய்க் குன்றியிருந்த வெள்ளைவால் மான் இன்று ஏறத்தாழ மூன்று கோடியாகப் பெருகியுள்ளது.

நம் நாடு வேறு வழியை மேற்கொண்டது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991இன் திருத்தம் பொழுதுபோக்கு வேட்டைக்கான உரிமங்களை அறவே ஒழித்தது. எனவே மானுக்கென்று துப்பாக்கி தேர்ந்தெடுக்கும் தேவை நம்மில் எவருக்கும் இல்லை. அதற்காக நாம் மகிழ்கிறோம். ஆயினும் சிறுவனின் கேள்விக்குச் சரியான விடை கடனாகவே நிற்கின்றது.

இவ்வாண்டு ஒத்திகையில் அவனை அக்கொம்புகளின் கீழே அழைத்து நிறுத்தி இவ்வாறு கூற எண்ணியுள்ளோம்: "ரிவால்வராலும் மானை வீழ்த்தலாம், தம்பி. ஆனால் மிக அருகில் செல்லும் பொறுமை வேண்டும். தொலைவு மிகுந்திருந்தால் சுடாமல் திரும்பும் மனமும் வேண்டும். திரைப்படத்தில் அந்தத் திரும்பி வருதலை மட்டும் காட்டுவதில்லை."