மானிப்பாயின் கிறீன் வைத்தியர்

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் பிறந்தார். 1847இல் அமெரிக்க மிசனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டே மானிப்பாயில் வைத்தியசாலை தொடங்கினார். மிசன் வைத்தியம் தமிழருக்குப் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹாலே நகரத்தார் தரங்கம்பாடிக்கு வைத்தியர்களை அனுப்பினர். 1820 முதல் பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் வைத்தியம் பார்த்தார். கிறீன் செய்த புதுமை, அந்த வைத்தியத்தைத் தமிழில் கற்பித்தது.

அதற்குக் காரணம் இருந்தது. உடுப்பிட்டியை எடுத்துக்கொள்வோம். அங்கு மிசன் 1852இல் ஆண்பிள்ளைகளுக்கும் 1868இல் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை அமைத்தது. ஆனால் கடும் நோயாளியை மானிப்பாய்க்குக் கொண்டுபோக, மாட்டுவண்டியில் வல்லைவெளியைக் கடக்கவேண்டும். வாந்திபேதி கண்டவர் அதுவரை தாங்குவது அரிது. வாந்திபேதியோ அக்காலத்தில் குடாநாட்டை அடிக்கடி வாட்டியது. 1866-67இல் வந்தது மிகக் கொடியது. ஒரு வைத்தியசாலையால் ஆகாது, ஊருக்கு ஊர் வைத்தியர் வேண்டும்.

கிறீன் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். தேறியவர்களில் பலர் அரசாங்க உத்தியோகம் தேடிப் போயினர். தமிழில் படித்தவர் ஊரில் தங்குவார் என்று கருதி, 1864 முதல் தமிழுக்கு மாறினார். அவரிடம் பயின்றோர் 60 பேருக்கு மேல்.

பாடம் சொல்ல நூல் வேண்டுமே! மாணவர்களான டான்போர்த், சப்மன் முதலியோரின் துணையுடன் அவர் மொழிபெயர்ப்பில் இறங்கினார். பிரசவ வைத்தியம் 1857இலும், சத்திரசிகிச்சை பற்றிய இரண வைத்தியம் 1867இலும் வெளிவந்தன. கிரேயின் பெயர்பெற்ற உடற்கூற்று நூல் 1872இல் மனுஷ அங்காதிபாதமாயிற்று; 1875இல் கெமிஸ்தம் வந்தது. வழக்கில் தமிழ்ச்சொல் இருந்தால் அதையே எடுப்பது, இல்லையேல் வடமொழிச்சொல், அதுவும் கிடையாவிடில் ஆங்கிலச்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் கைக்கொண்ட முறை. இன்றைய கலைச்சொல்லாக்கக் குழுக்கள் இதைவிடத் தெளிவாக ஒழுங்கு வகுத்ததாகச் சொல்லமுடியாது.

1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியது. உத்தியோகத்துக்கு வழி ஆங்கிலமே என்றானபின் தமிழ் வைத்திய நூல்களைத் தேடுவார் குறைந்தனர். குறை நூல்களில் இல்லை. 1873இல் ஊர் திரும்பிய கிறீன் அங்கிருந்தும் தமிழ்நூல் வேலையைத் தொடர்ந்தார்; மனுஷ சுகரணம் 1883இல் அச்சேறியது. அடுத்த ஆண்டு மே 28ஆம் திகதி காலமானார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்றே வழங்குகிறது.