உழைப்பை அளந்த கதை

நெல்லை மரக்காலால் அளக்கிறோம். துணியை முழத்தால் அளக்கிறோம். மனிதனுடைய உடலுழைப்பை எதனால் அளப்பது? திருப்பூரின் பனியன் கம்பெனிகளைக் காணும்போதெல்லாம் எனக்கு இவ்வினா எழுவதுண்டு. துணி வெட்டுபவர் நாள் முழுதும் நிற்கிறார். ஓவர்லாக் தைப்பவர் அமர்ந்தே இருக்கிறார். மூட்டை சுமப்பவர் ஓயாது நடக்கிறார். மூவரையும் தொழிலாளர் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். உடலின் கணக்கிலோ மூவரும் ஒன்றல்லர்.

இக்கணக்கைப் பெருந்திரளான மக்களிடையே போட்டுப் பார்த்தவர்களுள் முதன்மையானவர் பிரிட்டிஷ் மருத்துவர் ஜெர்ரி மாரிஸ். லண்டன் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் படியேறி இறங்குவார். நடத்துநர்களிடையே இதயநோய் குறைவு என்று 1953-இல் அவரும் அவர் குழுவினரும் வெளியிட்டனர். அன்று அவர்கள் கையிலிருந்த அளவுகோல் தொழிலின் பெயர் ஒன்றே. ஆயினும் ஐயம் எழுந்தது. 1956-இல் சீருடைகளின் அளவை ஆராய்ந்தபோது, ஓட்டுநர்களின் இடுப்பளவு இளவயதிலேயே பெரிதாக இருந்தது தெரிந்தது. அப்படியாயின் வேலை உடலை மாற்றியதா, உடல் வேலையைத் தேர்ந்ததா? தையற்காரரின் அளவு, மருத்துவரின் முடிவை மீண்டும் சிந்திக்க வைத்தது!

அதே 1956-இல் நம் நாட்டிலும் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. மேற்கு வங்காளச் சணல் ஆலையொன்றில் ஜீன் மேயரும், பூர்ணிமா ராய், காமாக்யா பிரசாத் மித்ரா ஆகியோரும் 213 ஆடவரை ஆராய்ந்தனர். உழைப்பு மிக மிக உணவும் மிகுந்தது, இஃது இயல்பே. வியப்பு யாதெனில், உட்கார்ந்தே இருந்தவர்கள் மிதமாக உழைத்தவர்களைக் காட்டிலும் அதிகம் உண்டனர்; உடற்பருமனும் அவர்களிடமே மிகுந்திருந்தது.

பின்னர் வினாத்தாள்கள் வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தாள் வேலை, போக்குவரத்து, பொழுதுபோக்கு என மூன்றையும் தனித்தனியே கேட்கிறது. அதனைக் கொண்டு தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் 14,227 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2014-இல் வெளிவந்தது. அவர்களுள் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் அற்றவர்கள். பொழுதுபோக்காக உடலைப் பயிற்றியோர் பத்து விழுக்காட்டிற்கும் குறைவு. விளையாட்டை மட்டும் கேட்டிருந்தால், வயலிலும் ஆலையிலும் வியர்வை சிந்துவோரும் சோம்பியிருப்போர் என்றே எழுதப்பட்டிருப்பர்!

இன்று மணிக்கட்டுக் கருவிகள் வந்துவிட்டன. பிரிட்டனில் 2013 முதல் 2015 வரை ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர் அவற்றை ஏழு நாள் அணிந்தனர். மனிதனின் மறதி அவற்றிற்கு இல்லை. ஆனால் வேறு குறை உண்டு. தைப்பவரின் கை விரைந்து அசைவதை அவை காணும். அவர் கால் மரத்துப்போவதைக் காணா. தோளில் ஏறிய மூட்டையின் பாரமும் அவற்றிற்குத் தெரியாது.

மாணவர்களே, எந்தப் புள்ளிவிவரத்தைக் கண்டாலும் எண்ணை நோக்குமுன் அளவுகோலை நோக்குங்கள். அது யாரைக் கண்டது, யாரைக் காணாமல் விட்டது என்று கேளுங்கள். ஏட்டில் ஏறாத உழைப்பாளியின் நலனுக்குத் திட்டம் தீட்டுவோர் எவருமிலர்.